கட்டிங் மாஸ்டர் போட்ட பாத்ரூம்

எங்க ஊட்டுக்காரரு பேரு பசீர் அகமதுங்க. ஆனா திருப்பூருல அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. மாஸ்டர்னு கேக்கோணும். நாப்பத்திரண்டு வருசம் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவரு. துணியக் கையில வாங்கித் தடவிப் பாத்தே, இது தண்ணியில போட்டா எத்தன சுருங்கும்னு சொல்லிப்போடுவாரு. புது டிசைன் வந்துதுன்னா அதைக் காக்கிப் பேப்பருல முழு அளவுக்கு வரைஞ்சு வெட்டறதும், வெட்டுன பேட்டர்னைத் துணி மேல கையி, கழுத்து, முதுகுன்னு வீணாகாம அடுக்கறதும் அவரு வேலை. கோவக்காரரு இல்லீங்க. பிடிவாதக்காரரு. கோவம் என்னோட டிப்பார்ட்மெண்டு.

போன வருசம் எங்க ஊட்டுல புதுசா பாத்ரூம் கட்டுனமுங்க. ஒரு பாத்ரூம் கட்டுனதுக்கு இத்தன பேச்சான்னு நீங்க கேக்கலாம். கேளுங்க, எனக்கென்ன. ஆனா பழைய கதையக் கொஞ்சம் சொன்னாத்தான் ஒரு தாழ்ப்பாளுக்காக நான் ஏன் ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடந்தேன்னு உங்களுக்குப் புரியும்.

எண்பத்தாறுல எங்களுக்கு நிக்காஹ் ஆச்சு. நான் அவிநாசிக்காரி, அவரு உடுமலைப்பேட்டை. காதர்பேட்டைக்குப் பின்னால ஒரு லைன் ஊட்டுல குடி வெச்சாரு. வரிசையா எட்டு ஊடு, எட்டு ஊட்டுக்கும் சேத்துக் கடைசியில ஒரே ஒரு பொடக்காலி. எங்க பக்கம் தண்ணி வாத்துக்கற எடத்துக்குப் பொடக்காலின்னுதான் பேரு. நாலு சுவரு, மேல வானம், ஒரு தகரக் கதவு. கதவுல தாழ்ப்பாளு இருந்த எடத்துல ரெண்டு ஓட்டைதான் மிச்சம். அதனால பொம்பளைங்க ஜோடி ஜோடியாத்தான் போவோம். ஒருத்தி உள்ள, ஒருத்தி வெளிய கதவுல முதுகைச் சாச்சு நிப்பா.

என்ற ஜோடி பக்கத்து ஊட்டு வெள்ளையம்மாள். தறிக்காரக் குடும்பம், முருகனக் கும்புடாமப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. அவளுக்குத் தலைக்குளியல் செவ்வாக்கிழம, எனக்கு வெள்ளிக்கிழம, அதனால சண்டையே வந்ததில்ல. நான் உள்ள தலைக்குத் தண்ணிய மொண்டு ஊத்தறப்ப அவ வெளிய நின்னு, மாமியா சொன்னது, மாமியாகிட்டச் சொல்லாம உட்டது, எந்தக் கம்பெனியில டெய்லர் எடுக்கறாங்க, எல்லாம் சொல்லுவா. நான் பாதிக்குத்தான் பதில் சொல்லுவேன், மீதி தண்ணிச் சத்தத்துல போயிரும். பக்கத்துக் கட்டடத்துல நிட்டிங் மிசினு கரகரன்னு ஓடீட்டே இருக்கும். போசியில காச்சுன தண்ணி வெறகுப் பொகை வாசத்தோட வரும். அந்த வாசம் இன்னும் என்ற மூக்குலயே இருக்குதுங்க.

அந்த நிட்டிங் கட்டடத்துல மாடிச் சன்னல் ஒன்னு தொறந்தாங்க. எங்க பொடக்காலிக்குக் கூரையில்ல. அவ்வளவுதான், நான் ஊட்டுக்கு வந்து பத்ரகாளியாட்டம் நின்னேன். மாஸ்டர் அடுத்த நாளே கம்பெனியில இருந்து ரிஜெக்ட் ஆன இண்டர்லாக் துணிய வாங்கிட்டு வந்து, அளந்து, வெட்டி, மூலைக்கு மூலை கயிறு வெச்சுத் தெச்சுக் கூரை போட்டாரு. எட்டு ஊட்டுப் பொம்பளைங்களும் அவரைக் கும்புடாத கொறை. பத்தாம் நாளு மழை பேஞ்சுது. பனியன் துணி தண்ணி குடிச்சா தொங்குமுங்க. தொங்கித் தொங்கி, உள்ள தண்ணி வாத்துக்கிட்டிருந்த வெள்ளையம்மா தலையில பொத்துன்னு எறங்கிருச்சு. அவ போட்ட கூச்சலுக்கு மிசினே நின்னு போச்சு. மாஸ்டரக் கேட்டா, துணி சுருங்கறதுக்குக் கூடுதலா அலவன்ஸ் உட்டேன், மழைக்கு உடலேங்கறாரு.

இப்ப நெனச்சா அந்த எடம் சொர்க்கமாட்டத் தெரியுது. அப்ப நரகமுங்க, பொய் சொல்லக்கூடாது. வெளிய ஆள நிறுத்தாம, அவசரமில்லாம, ஒரு நாளாச்சும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுத் தண்ணி வாத்துக்க மாட்டமான்னு ஏங்கிக் கெடந்தேன். பதிமூணு வருசம் கழிச்சு அனுப்பர்பாளையத்துப் பக்கம் சொந்தமா ஊடு கட்டுனப்ப, வாசக்கதவு வர்றதுக்கு முன்னால பாத்ரூமுக்குக் கதவு வந்துச்சு. அதுக்குப் பித்தளையில ஒரு தாழ்ப்பாளு. மாஸ்டர் அவரு கையால ஸ்க்ரூ போட்டாரு. நான் போட்டுத் தொறந்து, போட்டுத் தொறந்து, அன்னிக்கு முழுக்க அதே வேலையா இருந்தேன்.

இருவத்தஞ்சு வருசம் அந்தக் கதவுக்குப் பின்னாலதானுங்க நான் எனக்குன்னு இருந்தது. காலையில சமையலு, பகலெல்லாம் கம்பெனியில செக்கிங் டேபிள், சாயங்காலம் வந்தா பையன், ஊட்டுக்கு வர்ற ஒரம்பரை, துணி, பாத்திரம். பாத்ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டா அரை மணி நேரம் என்னைய ஒருத்தரும் கேக்க முடியாது. எங்கம்மா மவுத்தானப்ப அங்கதான் வாய் உட்டு அழுதேன். ரஷீது பத்தாவதுல பாஸான அன்னிக்கு அங்கதான் பாட்டுப் பாடுனேன். சோப்புத் தேஞ்சது தெரியாம உக்கோந்திருப்பேன்.

அங்கயேதான் உழுந்தேன். ரம்ஜான் முடிஞ்சு பத்தாவது நாளு. பளபளன்னு டைல்ஸு, அது மேல சோப்புத் தண்ணி, காலு என்ற பேச்சக் கேக்கல. இடுப்புக்கிட்டத் தொடையெலும்பு ஒடஞ்சு போச்சு. எந்திரிச்சுத் தாழ்ப்பாள எடுக்க முடியல. பையன் ரஷீது தோளால முட்டி, காலால ஒதைச்சு, கதவை ஒடச்சுத்தான் உள்ள வந்தான். வந்தவன் என்னையப் பாத்துட்டு அழுத அழுகை இருக்குதே, எனக்கு என்ற வலி மறந்து போச்சு.

ஆபரேசன் பண்ணிப் பிளேட் வெச்சாங்க. அதுக்குப் பொறவு எட்டு மாசம் மருமக ஷம்ஷாத்துதான் எனக்குத் தண்ணி வாத்தா. அவளைக் கொறை சொன்னா என்ற நாக்கு அழுகிப்போயிரும். தங்கமான புள்ளை. தண்ணிச் சூட்டைக் கையில பாத்து, மாமி போதுங்களா, மாமி காதுல போகுதுங்களான்னு கேட்டுக் கேட்டுத்தான் ஊத்துவா. ஆனா நான் பிளாஸ்டிக் சேருல ஒடம்புல துணியில்லாம உக்கோந்துட்டு, கதவைப் பாதி தொறந்து வெச்சுட்டு, இன்னொருத்தி கைக்கு ஒடம்பைக் குடுத்துட்டு இருக்கறது இருக்குதே, கூச்சத்துல நான் கண்ணை மூடிக்குவேன். தொழுகைக்கு ஒளு செய்யக்கூட அவ சொம்பைப் புடிக்கோணும். எனக்குச் சாகறதுக்குப் பயமில்ல, ஆனா சாகற வரைக்கும் இப்பிடியேன்னு நெனச்சாத்தான் பயமுங்க.

டாக்டரு ஒரு நாளு சொன்னாரு. உக்கோர ஒரு சீட்டு, எந்திரிக்கப் புடிக்க ஒரு கம்பி, வழுக்காத தரை, இது மூணும் இருந்தா அம்மா தனியாவே குளிக்கலாம்னு. எனக்கு அன்னிக்கே பண்டிகை நோம்பி வந்தாப்பல. ரஷீது சொந்தமா ஸ்டிச்சிங் யூனிட் வெச்சிருக்கான், கையில போனை வெச்சுக்கிட்டு ஒரு வாரம் படம் படமாப் பாத்தான். கருப்பு டைல்ஸு, நடுவுல கண்ணாடித் தடுப்பு, மேல இருந்து மழையாட்டக் கொட்டற ஷவரு. எனக்கெதுக்குடா மழை, நான் என்ன நாத்தங்காலான்னு கேட்டேன். அதுகூடப் பரவாயில்ல. தாழ்ப்பாளே வேண்டாம்னுட்டான்.

அங்கதான் ரெண்டு நாளு நான் சாப்புடல. மூணாம் நாளு அவனே எறங்கி வந்தான். வெளிய இருந்து காசு வெச்சுத் திருப்புனா தொறக்கற மாதிரி ஒரு தாழ்ப்பாளு இருக்குதாம், அதைப் போடலாம்னான். ஆனா எம் பக்கத்துல உக்கோந்து, கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

"அம்மா, ஒரே ஒரு தடவ உள்ள மாட்டிக்கிட்டீங்கன்னா, அன்னிக்கே தாழ்ப்பாளக் கழட்டிப்போடுவேன். பொறவு எப்பவும் ஷம்ஷாத்துதான் தண்ணி வாத்து உடுவா. அந்தக் கதவை இன்னொரு தடவ ஒடைக்க என்னால முடியாதும்மா."

சரின்னு தலையாட்டுனேன். அவன் பயமும் நாயந்தானே.

பாத்ரூமை யாரு டிசைன் பண்றதுன்னு பேச்சு வந்துது. ரஷீது ஆளு வெச்சுப் படம் போட்டு வாங்கிட்டு வந்தான். மாஸ்டர் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாரு, திருப்பிப் பாத்தாரு, நடுவுல நாலடி வீணாக் கெடக்குது, துணியா இருந்தா என்னைய வெளிய அனுப்பியிருப்பாங்கன்னு சொல்லி மடிச்சு வெச்சுட்டாரு. அடுத்த நாளு காக்கிப் பேப்பரு சுருள் ஒன்னு தோள் மேல வந்துச்சு. ரிட்டயர்டு ஆகி மூணு வருசமா மொகத்துல இல்லாத களை அன்னிக்கு வந்திருந்துச்சுங்க.

மொட்டை மாடியில ஒம்போதுக்கு ஆறு, பாத்ரூமை முழு அளவுக்குப் பேப்பருல விரிச்சாரு. காத்துல பறக்காம நாலு மூலைக்கும் கல்லு. கம்மோடு ஒரு பேப்பரு, வாஷ்பேசின் ஒரு பேப்பரு, சீட்டு, வாளித் திட்டு, கதவு தொறக்கற வளைவுக்குக்கூட ஒரு பேப்பரு. எல்லாத்தையும் வெட்டி வெச்சுக்கிட்டு, துணி மேல பேட்டர்ன் அடுக்கற மாதிரியே அங்க தள்ளி இங்க தள்ளிப் பாக்கறாரு. கம்மோடு மேக்குப் பாத்து வரக்கூடாது, முதுகும் மேக்கே திரும்பக்கூடாது, தொழுகற தெசையில்லீங்களா. அதைத் திருப்புனா வாஷ்பேசின் இடிக்குது. வாஷ்பேசினை நவுத்துனா கதவு இடிக்குது. அப்பத்தான் கதவை வெளிப்பக்கம் தொறக்கற மாதிரித் திருப்பிப் போட்டாரு. எடமும் கெடச்சுது, உள்ள ஆளு உழுந்தாலும் கதவு அவிங்க மேல மோதாது. ரஷீது வாயத் தொறந்து பாத்துட்டு நின்னான்.

பொறவு எங்களை ஒவ்வொருத்தரா அந்தப் பேப்பருக்குள்ள நிக்க வெச்சாரு. ரஷீது மொகம் கழுவற மாதிரி குனியோணும். ஷம்ஷாத்து வாளியத் தூக்கற மாதிரி வரோணும். அவ, ஷாம்பு வைக்கச் சுவத்துலயே ஒரு குழி வேணும் மாமான்னா, வாளி ரொம்பறதுக்குக் கீழ ஒரு குழாய் வேணும்னா, ஒரு சுவராச்சும் பாக்க அழகா இருக்கோணும்னா. எல்லாத்துக்கும் பென்சிலுல குறி விழுந்துச்சு. நான் வாக்கரோட அந்தப் பேப்பரு மேல நடந்தப்ப எனக்குச் சிரிப்புத் தாங்கல. பக்கத்து மாடியில துணி காயப்போட வந்தவங்க, இந்தக் குடும்பத்துக்கு என்னாச்சோன்னு பாத்துட்டு நிக்கறாங்க.

டைல்ஸ் கடையில அவரு பண்ணுன லொள்ளு தனிக் கதை. தரைக்குச் சொரசொரப்பான வெள்ளை, மூணு சுவத்துக்கு மோர் நெறம், ஷம்ஷாத்து ஆசைப்பட்ட ஒரு சுவத்துக்கு மயில்கழுத்துப் பச்சை. பச்சையில ஒவ்வொரு பொட்டியில இருந்தும் ஒன்னை எடுத்து வெயில்ல வெச்சுப் பாக்கறாரு, ட்யூப்லைட்டுக்கு அடியில வெச்சுப் பாக்கறாரு. கடைக்காரப் பையன் ஒரே நம்பர்தானுங்கன்னான். நம்பர் ஒன்னு, லாட் வேற, நெறம் ஒட்டாது, ஒரு பனியனுக்கு முன்னால ஒரு லாட்டு முதுகுல ஒரு லாட்டு வெச்சா நீ போடுவியா கண்ணுன்னு கேட்டு, ரெண்டு பொட்டியத் திருப்பிக் குடுத்துட்டாரு.

டைல்ஸ் ஒட்ட வந்தவரு சுடலை, திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, இருவது வருசமாத் திருப்பூருல வேலை. மாஸ்டர் சுவத்துக்கும் பேட்டர்ன் வெட்டிக் குடுத்தாரு, எங்க குழாய், எங்க கம்பி, எங்க சீட்டுன்னு ஓட்டை போட்டு. அதைச் சுவத்துல ஒட்டி வெச்சு அப்பிடியே குறி எடுத்துக்கோணும். சுடலை தலையச் சொறிஞ்சுக்கிட்டே எல்லாஞ் செஞ்சாரு. கம்பிக்கும் சீட்டுக்கும் ட்ரில் போடறதுக்கு முன்னால மட்டும், அம்மாவ ஒருக்க உக்கார வச்சுப் பாத்துக்கிடுவோமான்னு கேட்டாரு.

"அப்ரூவ் ஆன பேட்டர்னை மறுபடி அளக்கற பழக்கம் எனக்கில்ல சுடலை," ன்னாரு மாஸ்டர். "எம் பொண்டாட்டி அளவு எனக்குத் தெரியாதா?"

அது என்ன பேட்டர்ன்னா, கண்ணாலமான புதுசுல அவரு என்னைய ஒரே ஒரு தடவ டேப்பு வெச்சு அளந்தாரு. இருவது வயசு எனக்கு. அந்த அளவுக்கு அட்டையில ஒரு பேட்டர்ன் வெட்டி, ஆணியில மாட்டி வெச்சுக்கிட்டாரு. நைட்டி, சுடிதார், ஸ்வெட்டரு எல்லாம் அதுலதான். கம்பெனியில அப்பிடித்தானுங்க. ஒரு தடவ சரக்கு வாங்கற பையரு சரின்னு கையெழுத்துப் போட்டுட்டா அதுதான் வேதம், ஆயிரம் பீஸுக்கும் அதே அட்டை. என்ற நைட்டி கொஞ்ச வருசமாத் தரையில இழுபட்டுது, நான் தூக்கிச் செருகிக்கிட்டேன். அந்த அட்டையில இருந்துதான் மனுசன் கம்பி ஒசரமும் சீட்டு ஒசரமும் கணக்குப் போட்டிருக்காரு. நானும் அங்கதான் உக்கோந்திருந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலீங்களே. நாப்பது வருசமாகியும் என்ற அளவு இந்த மனுசனுக்கு மனப்பாடமா இருக்குதேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. தப்புல பாதி என்னோடது.

வேலை முடிஞ்சுது. பாத்ரூம் அத்தன அழகு. காலையில ஒசரத்துல இருக்கற சன்னல் வழியா வெயிலு வந்து பச்சைச் சுவத்துல உழுந்தா ஊடே வெளிச்சமாயிரும். ரஷீது ஆசைப்பட்ட மழை ஷவரும் ஒரு மூலையில உண்டு, எனக்கு வாளியும் சொம்பும் உண்டு. தண்ணி உழுகற பக்கம் தனி, காஞ்ச பக்கம் தனி. வெள்ளிக்கிழம காலையில நான் போனேன். ஷம்ஷாத்து அடுப்படியில, ரஷீது யூனிட்டுக்குக் கெளம்பீட்டு இருந்தான், மாஸ்டர் பாத்ரூமுக்கு எதுக்க சேரு போட்டுப் பேப்பரு படிக்கற மாதிரி உக்கோந்திருந்தாரு.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளத் திருப்புனேன். எட்டு மாசத்துக்கப்பறம் நான் ஒரு ஆளானேன். பிஸ்மி சொல்லி மொதச் சொம்பைத் தலையில ஊத்துனப்ப, என்ற கண்ணுத் தண்ணி எது, வாளித் தண்ணி எதுன்னு எனக்குத் தெரியல. அவசரப்படல. என்ற கையி, என்ற காலு, நானே தேச்சேன். வெள்ளையம்மா இருந்திருந்தா ஊரு நாயம் பூராச் சொல்லி முடிச்சிருப்பா, அத்தன நேரம். அவ போயி ஆறு வருசமாச்சு.

எல்லாம் முடிச்சு, எந்திரிக்கலாம்னு கம்பியப் புடிச்சேன். முடியலீங்க. கம்பி எட்டுது, ஆனா அழுத்தி எந்திரிக்கற ஒசரத்துல இல்ல, தொங்கற ஒசரத்துல இருக்குது. சீட்டும் ஒசரம், குதிகாலு தரையில படியல, வெரலு மட்டுந்தான் முட்டுது. ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ. வெளிய ரஷீது பேசற சத்தம் கேக்குது. நான் இப்பக் கூப்புட்டா காசு வெச்சுக் கதவைத் தொறப்பாங்க, ஷம்ஷாத்து வந்து தூக்குவா, அதோட தாழ்ப்பாளு போச்சு. இனி இந்த ஜென்மத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் சேருதான். கூப்புடாமயும் எத்தன நேரம் இருக்கறது?

"ஏனுங்க," ன்னேன், கதவுக்குக் கேக்கற அளவுக்கு.

"ம்?"

"அளவு தப்புங்க. எந்திரிக்க முடியல."

சேரு நவுந்த சத்தம் கேட்டுச்சு. பொறவு கதவுக்குப் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டாரு, "எத்தன இஞ்சு?"

எனக்கு வந்த கோவத்துக்குச் சொம்பை எடுத்து வீசியிருப்பேன். ரெண்டு மூணு இருக்குமுன்னேன். சரி பயப்படாத, கம்பிய உட்டுருன்னாரு. அவருக்குத்தான் அந்த ரூமு பேப்பருல இஞ்சு இஞ்சாத் தெரியுமே. முன்னால நவுந்து சீட்டு விளிம்புக்கு வான்னாரு, குதிகாலு தரையில படியற வரைக்கும் வான்னாரு. வலது கைய சீட்டு மேல ஊனு. இடது பக்கம் வாளித் திட்டு இருக்குது, எட்டு இஞ்சு தள்ளித்தான், அதுல இடது கைய ஊனு. காலை உள்ள இழு. இப்பக் குனி, மூஞ்சி முட்டியத் தாண்டி வரட்டும்னு ஒவ்வொன்னாச் சொல்லறாரு. நடுவுல ரஷீது, யாருகிட்ட அத்தா பேசறீங்கன்னு கேட்டான். பேப்பரு படிக்கறேன்டான்னாரு. அவரு பேப்பரச் சத்தமாப் படிச்சு இந்த ஊடு கண்டதில்ல. ஆனா அவன் அவசரத்துல போயிட்டான்.

"இப்ப எந்திரி ஜெய்பு. நானிருக்கேன்," ன்னாரு.

எந்திரிச்சேன். நின்னதுக்கப்பறம் அந்தப் பாழாப்போன கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பத்து மூச்சு உட்டேன். தொடைச்சு, துணி உடுத்தி, நானே தாழ்ப்பாளத் தொறந்து வெளிய வந்தேன்.

ரூமுல கட்டலுல உக்கோந்திருக்கறப்ப அவரு கழுத்துல டேப்போட உள்ள வந்து கதவைச் சாத்துனாரு. நில்லு ஜெய்புன்னாரு. தோள்ல இருந்து தரைக்கு அளந்தாரு. மறுபடி அளந்தாரு. மூணாந் தடவையும் அளந்துட்டு, எம் முன்னால அப்பிடியே தரையில உக்கோந்துட்டாரு.

"ரெண்டே முக்கால் இஞ்சு. எப்ப ஜெய்பு இத்தன கொறைஞ்ச? ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு நான் பாக்கவே இல்லியே."

ஒரு மூச்சுத் திட்டோணும்னுதான் நெனச்சிருந்தேன். நிசமாலுமே நல்லா நாலு வார்த்தை தயாரா வெச்சிருந்தேன். ஆனா அவரு மொகத்தைப் பாத்துட்டு, எந்திரிங்க, நீங்களும் நில்லுங்கன்னு சொல்லி, என்ற வாழ்க்கையில மொத தடவையா அவரு கையில இருந்து டேப்பை வாங்குனேன். எனக்கெதுக்குன்னாரு. நில்லுங்கன்னேன். தான் அஞ்சடி ஏழுன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியற மனுசன். அஞ்சடி அஞ்சேகால் வந்துச்சு. நம்பல. கேக்கறதுக்கு முன்னாலயே, துணி டேப்பு பழசு, இழுத்துக்கிச்சுன்னாரு. சுடலை உட்டுட்டுப் போன இரும்பு டேப்பை எடுத்துட்டு வந்து மறுபடி அளந்தோம். அதேதான். ரெண்டு பேரும் சேந்து நாலரை இஞ்சு கொறைஞ்சிருந்தோம். மொதல்ல எனக்குத்தான் சிரிப்பு வந்துச்சு, பொறவு அவருக்கு, அப்பறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு நின்னு போச்சு.

சாயங்காலம் சுடலை வந்து கம்பியையும் சீட்டையும் எறக்கிப் போட்டாரு. என்ன அண்ணாச்சி, நான் அன்னைக்கே சொன்னேம்லான்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு அதோட உட்டுட்டாரு, நல்ல மனுசன். ஷவரு பக்கத்துல, ஆரும் சொல்லாம, மாஸ்டரு தன்னோட அளவுக்கும் ஒரு கம்பி போடச் சொன்னாரு. பச்சைச் சுவத்துல பழைய ஓட்டை வெள்ளைப் பூச்சோட பளிச்சுன்னு தெரியுது. ரஷீது வந்து பாத்துட்டு, இத்தன அழகான சுவத்துல ஏன் அத்தா இப்பிடின்னு கேட்டான். நடந்தது தெரிஞ்சா தாழ்ப்பாளு போச்சு. நாப்பத்திரண்டு வருசத்துல கட்டிங்ல தப்புன்னு ஒருத்தங்கிட்டயும் ஒத்துக்காத மனுசன், என்ற பக்கம் திரும்பாமயே சொன்னாரு.

"உங்கம்மா நல்லாத்தான் குளிச்சா. இது என்ற கட்டிங் மிஸ்டேக்."

அடுத்த வெள்ளிக்கிழம தாழ்ப்பாளப் போட்டு, ஆற அமரத் தண்ணி வாத்து, கம்பிய அழுத்தி ஒரே மூச்சுல எந்திரிச்சேன். வெளிய வந்தா அவரு துண்டோட நிக்கறாரு, ஜும்மாவுக்கு நேரமாச்சுன்னு. உள்ள போயிக் கதவைச் சாத்துனாரு. நான் தலையத் தொவட்டிக்கிட்டு அங்கயே நின்னுட்டிருந்தேன். தண்ணிச் சத்தம் நின்னுச்சு. சித்தெ பொறுத்து, அவரு வெள்ளி மோதரம் கம்பியில பட்ட சத்தம் கேட்டுச்சு. கண்ணாலம் பண்ணுன நாளா, அந்த மனுசன் ஒன்னைப் புடிச்சுக்கிட்டு நின்னு நான் கேட்டது அதுதானுங்க மொத தடவ.